இழப்பீட்டுக் குழுவில் தொழிலாளர் தரப்பில் அமர்ந்த ஆறு ஆண்டுகள்

பந்தயக் குதிரைகளுக்குக் காலைப் பயிற்சி கொடுக்கும் ரைடராகப் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்த பிறகு, காய இழப்பீட்டுக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியாக ஆறு ஆண்டுகள் இருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் எனக்குப் பேச அனுமதி உண்டு, வாக்குரிமை இல்லை. மற்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் குதிரை உரிமையாளர்களும் பயிற்சியாளர்களும். காயமடைந்தவர்களுக்குப் பணம் தரும் நிதிக்குச் சந்தா கட்டுபவர்கள் அவர்களே என்பதால், ஒரு கோரிக்கையை ஏற்றால் அடுத்த ஆண்டுச் சந்தா எவ்வளவு உயரும் என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கு மட்டுமே தெரிந்தவர்கள் கூடி முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கோப்பு எனக்குக் காட்டியது.

விடியற்காலைப் பயிற்சியில் குதிரை திடீரென விலகியதால் கீழே விழுந்து, கணுக்கால் முறிந்து, முழங்கால் தசைநாரும் கிழிந்த ஓர் இளைஞரின் கோப்பு அது. ஆறு மாதங்களுக்குப் பின் வந்த மருத்துவ அறிக்கையில், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார், ஆகவே இலகுவான வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதியிருந்தது. வாராந்தர உதவித்தொகையை நிறுத்தலாம் என்று பலரும் தலையசைத்தார்கள். ரைடருக்கு இலகுவான வேலை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வேகமாக ஓடும் குதிரையின் மேல் ரைடர் சேணத்தில் உட்காருவதில்லை. அங்கவடியில் கால் ஊன்றி, முழங்காலை மடக்கி, உடல் எடை முழுவதையும் கணுக்காலில் தாங்கியபடி குனிந்து நிற்கிறார். ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தக் கணுக்கால் ஒரு கணம் தளர்ந்தாலும் அவர் மட்டுமல்ல, பின்னால் வருபவர்களும் விழுவார்கள். இதைச் சொல்லி முடித்ததும், அதுவரை பேசாமலிருந்த ஒரு பயிற்சியாளர், அந்த இளைஞரைத் தம் குதிரையில் இப்போது ஏற்ற மாட்டேன் என்றார். கோப்பு மறு பரிசோதனைக்குப் போனது. இந்த முறை மருத்துவரிடம் "நடக்க முடியுமா" என்று கேட்காமல் "குதிரை ஓட்ட முடியுமா" என்று கேட்டோம். உதவித்தொகை தொடர்ந்தது.

அதே கோப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்று காலை அவர் மூன்று பயிற்சியாளர்களின் குதிரைகளை ஓட்டிவிட்டு, நான்காமவரின் குதிரையிலிருந்து விழுந்திருந்தார். "அவர் என் ஊழியர் அல்லர், சவாரிக்கு இவ்வளவு என்று வாங்கிச் செல்பவர்" என்று அந்த நான்காமவர் எழுதிக் கொடுத்திருந்தார். நியூயார்க்கில் 1990இல் தொடங்கிய ஜாக்கி காய இழப்பீட்டு நிதியில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அங்கே ஜாக்கியை, அதாவது பந்தயத்தில் குதிரை ஓட்டுபவரை, சட்டம் அந்த நிதிக்கும், உரிமம் பெற்ற எல்லா உரிமையாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பொதுவான ஊழியராகக் கருதுகிறது. எங்கள் விதிகளிலும் அப்படியொரு பிரிவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பல கூட்டங்கள் கடந்த பிறகே அது விவாதத்துக்கு வந்தது.

குழுவில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. 2004இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கேரி பர்சர் என்ற ஜாக்கி பந்தயத்தில் விழுந்து உடல் செயலிழந்தபோது, பந்தயத் திடலின் காப்பீடு ஒரு லட்சம் டாலரோடு நின்றுவிட்டது. ஜாக்கிகளின் சொந்தச் சங்கம் வைத்திருந்த பெரும்விபத்துக் காப்பீடு 2002இலேயே காலாவதியாகியிருந்தது; அது பல உறுப்பினர்களுக்குத் தெரியாது. தங்களுக்காகப் பேச ஓர் அமைப்பு இருந்தும் அவர்களுக்குச் செய்தி வந்து சேரவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது.

அதன்பின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுநாள், குதிரைகள் வெளியே வருமுன் லாயத்துக்குப் போய், என்ன முடிவானது, யார் எப்படி வாக்களித்தார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு நாள் குதிரை பராமரிக்கும் ஒருவர் சட்டைக் கையை மடித்து, குதிரை உதைத்து எலும்பு கோணலாகக் கூடியிருந்த முன்கையைக் காட்டினார். ஜாக்கிகளுக்கு மட்டும்தான் இழப்பீடு என்று அவர் நினைத்திருந்தார். மனுச் செய்யும் காலக்கெடு முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்த கூட்டத்தில், கெடு முடிந்த மனுக்களைத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்பது பற்றியும், ஒவ்வொரு லாயத்தின் வாசலிலும் அங்கு வேலை செய்பவர்கள் படிக்கும் மொழியில் காலக்கெடுவை எழுதி வைப்பது பற்றியும் முதல் பொருளாகப் பேசினோம். இரண்டாவது அன்றே நிறைவேறியது. முதலாவதற்காக அவருடைய மனுவை நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.