பழைய சேலையில் ஜன்னல் திரை தைக்கலாமா? கூடவே பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ட்ரிப்

மாடிவீட்டுக்காரி:
வணக்கம். சென்னை தண்டையார்பேட்டையில் முதல் மாடி, வாடகை வீடு. மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல், நாலுக்கு நாலு அடி. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகக் கட்டில் மேலேயே விழுகிறது. கர்ட்டன் ராடு உப்புக்காற்றில் துருப்பிடித்து, திரையின் மேல் மடிப்பு முழுக்கக் காவிக் கோடு. அம்மா கொடுத்த காட்டன் சேலைகள் பீரோவில் சும்மா கிடக்கின்றன, அதை வெட்டித் தைக்கலாமா, இல்லை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் புதுத்துணி எடுப்பதே மேலா? மிஷின் இருக்கிறது, ஆனால் நேர்த்தையல்தான் வரும். அப்புறம் பெரியவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஐந்து, லீவு விட்டதிலிருந்து "எங்கயாவது போலாம்மா" என்று ஒரே நச்சரிப்பு. துணி எடுக்கிற சாக்கில் அவர்களையும் கூட்டிப்போனால் ஒரே அலைச்சலில் முடியுமே என்று பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு ஷிப்டு, அதனால் பஸ், மெட்ரோதான்.

காலடிப்பேட்டை அக்கா:
சேலையே போதும்மா, காசைக் கரியாக்காதே. முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், நூல் விட்டு வலை மாதிரி தெரிகிற சேலையை ஒதுக்கிவிடு, மிஷினில் வைத்ததுமே கிழியும். சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 216 இன்ச். நாலாக வெட்டினால் துண்டுக்கு 54. ஜன்னல் உயரம் 48 போக மேலே ராடு நுழைய மூன்று, கீழே மடிக்க மூன்று. சேலை அகலம் பெரும்பாலும் 45 இன்ச் பக்கம் இருக்கும், ஜன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் கொசுவம் அழகாக விழும். பக்கவாட்டில் சேலையின் ஓரமே இருக்கிறது, அங்கே தைக்கவே வேண்டாம், உன் நேர்த்தையல் தாராளமாகப் போதும். ஆனால் இந்தக் கணக்கு ராடு சட்டத்துக்குள்ளேயே இருந்தால்தான். மேலே சுவரில் மாட்டியிருந்தால் மூன்றாக வெட்டு, இரண்டு ஜன்னலுக்கு இரண்டு சேலை ஆகும். ஃபால்ஸைப் பிரித்துவிட்டு அளவெடு. மேற்கு வெயிலுக்கு வெறும் சேலை தாங்காது, பின்னால் பழைய எட்டு முழ வேட்டியைக் கொடுத்துத் தை, நிறமும் வெளுக்காது, அறையும் கொஞ்சம் தணியும். ஒருவேளை புதுக் காட்டன் எடுத்தால் நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்திரி வைக்கணும், முதல் தண்ணீரிலேயே சுருங்கும்.

ராயபுரம்காரன்:
ராடை மாற்றாமல் திரையை மட்டும் மாற்றினால் மழைக்காலம் முடிவதற்குள் அதே காவிதான். கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று இருக்கிற ராடில் காந்தம் கப்பென்று ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். நம் பக்கக் காற்றுக்கு அலுமினியமோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் நிற்கும். சுவரில் அடிக்கிற ஸ்க்ரூவையும் பாருங்கள், பல வீடுகளில் துரு அங்கிருந்துதான் இறங்குகிறது. பழைய திரையின் கறைக்கு எலுமிச்சைச்சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டு அலசுங்கள். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், துருக்கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

ரெண்டு வாலுங்க அம்மா:
திரை விஷயத்தில் அக்கா சொன்னதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளை எம்.சி. ரோட்டுக்கு இழுத்துப் போகிற யோசனையை விட்டுவிடுங்கள் தோழி. அந்த நெரிசலில் துணியைப் பார்ப்பீர்களா, சின்னவள் கையைப் பார்ப்பீர்களா? அது அவர்களுக்கு ட்ரிப் இல்லை, தண்டனை. சாயங்காலம் நாலு மணிக்குத் தண்டையார்பேட்டையிலேயே மெட்ரோ ஏறுங்கள், முதல் பெட்டியாகப் பார்த்து. அங்கே சுரங்கம், அடுத்த ஸ்டேஷன் புது வண்ணாரப்பேட்டைக்கு வருவதற்குள் ரயில் மேலேறி வெளிச்சத்துக்கு வந்துவிடும். என் பசங்களுக்கு மொத்த ட்ரிப்பும் அந்த ஒரு நிமிஷம்தான். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில் பக்கத்திலேயே, பிராகாரம் பெரிசு, ஓட இடம் உண்டு. பௌர்ணமி அன்று மட்டும் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. அங்கிருந்து ஆட்டோவில் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி. கரையோரப் பாறைகளில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், வழுக்கும். இன்னொரு நாள் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் மியூசியம், பழைய என்ஜின்கள், பொம்மை ரயில் எல்லாம் இருக்கிறது, பெரியவனுக்குப் பிடிக்கும். திங்கட்கிழமை லீவு.

மாடிவீட்டுக்காரி:
ராடு சுவரில்தான் மாட்டியிருக்கிறது அக்கா, அப்போ மூன்று துண்டுக் கணக்குதான். மிச்சமாகிற இரண்டு துண்டில் தலையணை உறை வருமா? காந்தம் வீட்டில் இல்லை, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் மாம்பழ பொம்மையைக் கழற்றி எடுத்துப்போகப் போகிறேன். ராடு கடைக்கு நான் தனியாகவே போய்க்கொள்கிறேன், மெட்ரோ சனிக்கிழமை. சின்னவளிடம் சொல்லிவிட்டேன், இனி தப்பிக்க முடியாது.

காலடிப்பேட்டை அக்கா:
தாராளமா வரும், துண்டுக்கு ஒன்று. முந்தானைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி வெட்டு. சனிக்கிழமை வரும்போது சொல்லு, இறங்கி வீட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க, பசங்களுக்கு அடை ஊத்தித் தரேன்.