கறுப்பினப் பெண் படைவீரர்களின் தோழமையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி: ஏற்காட்டு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா ராணுவச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் எங்களுடன் இருக்கிறார். அவருடைய டிரங்குப் பெட்டியில் குழுப் படங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் நிற்கும் பெண்கள் யார் யார் என்று சொல்ல இன்று எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் உண்டு. உடன்பிறந்தவர்களைப் போல் பழகிய அந்தத் தோழிகளுடனான தொடர்பும் எப்போதாவது வரும் தொலைபேசி அழைப்பாகச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவின் கறுப்பினப் பெண் படைவீரர்கள் மிகத் தாமதமாகவேனும் தங்கள் வரலாற்றுக்குரிய இடத்தைப் பெற்றார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்குள் இருந்த பிணைப்பு எத்தகையது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வரலாற்று ஆசிரியை, அஸ்தம்பட்டி

சகோதரி, நீங்கள் கேள்விப்பட்டது 6888ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியனைப் பற்றியதாக இருக்க வேண்டும். மேஜர் சாரிட்டி ஆடம்ஸின் தலைமையில் இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் பணியாற்றிய அந்தப் பிரிவில் 855 பெண்கள் இருந்தார்கள். 1945 பிப்ரவரியில் அவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரை அடைந்தபோது, வீரர்களுக்குச் சேராத கடிதங்களும் பொட்டலங்களுமாக ஏறத்தாழ 1.7 கோடி அஞ்சல்கள் தேங்கிக் கிடந்தன. ஆறு மாதம் ஆகும் என்று கணிக்கப்பட்ட வேலையை, இரவு பகலாக மூன்று ஷிப்டுகளில் உழைத்து மூன்றே மாதங்களில் முடித்தார்கள். கெட்டுப்போன தின்பண்டங்களைத் தேடி எலிகள் ஓடும் கிடங்கில் அமர்ந்து, ‘ஜூனியர்’ என்று மட்டும் எழுதிய உறைக்குக்கூட உரியவரைத் தேடினார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருந்ததால், படை எண்ணைக் கொண்டு ஒவ்வொருவரையும் பிரித்தறிந்தார்கள்.

அவர்களுடைய பிணைப்பை எனக்கு உணர்த்தியவை வேறு இரண்டு நிகழ்வுகள். விடுப்பில் லண்டன் செல்லும் கறுப்பினப் பெண்களுக்கென்று செஞ்சிலுவைச் சங்கம் தனி விடுதி ஏற்பாடு செய்தபோது, பிரித்து வைப்பதை ஏற்க மாட்டோம் என்று ஆடம்ஸ் மறுக்க, அந்தப் பிரிவினர் எவரும் அங்கே தங்கவில்லை. பின்னர், 1945 ஜூலையில் பிரான்சில் ஜீப் விபத்தில் மூன்று பேர் உயிரிழந்தபோது, இறுதிச் சடங்குக்கு அரசிடமிருந்து பணம் வராததால், தோழிகளே தங்களுக்குள் வசூலித்து அவர்களை முறைப்படி அடக்கம் செய்தார்கள். அம்மூவரின் கல்லறைகள் இன்றும் நார்மண்டியில் இருக்கின்றன.

1946இல் நாடு திரும்பியவர்களுக்கு வரவேற்பு விழா எதுவும் நடக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்துக்கான சட்டம் 2022இல்தான் வந்தது. அதற்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். அந்தப் பதக்கத்துக்காக முன்னின்று உழைத்தவர்களில் ஒருவரான எட்னா கம்மிங்ஸ், ஓய்வு பெற்ற கறுப்பினப் பெண் கர்னல் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். பின்னால் வந்தவர் முன்னோடிகளைத் தம் மூத்தவர்களாக எண்ணி உழைத்ததையே நான் இதில் பெரிதாக மதிக்கிறேன்.

பதில்: ஓய்வு பெற்ற அதிகாரி, சூரமங்கலம்

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். அந்தப் பெண்கள் பாலினத்தோடு நிறத்தின் பெயராலும் ஒதுக்கப்பட்டவர்கள். படையில் சம வாய்ப்பு வேண்டும் என்ற அமெரிக்க அதிபர் ட்ரூமனின் ஆணையே 1948இல்தான் வந்தது. நம் சூழல் வேறு என்பதால் அவர்களது துயரத்தை நம்முடையதோடு சமமாக்கிவிட வேண்டாம். ஆனால் பெயர்கள் மறைந்துபோகும் ஆபத்து நமக்கும் உண்டு. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியை அறிந்த நமக்கு, அவரோடு அணிவகுத்த தோட்டத் தொழிலாளிப் பெண்களில் எத்தனை பேரைத் தெரியும்? எனவே முதலில் பெரியம்மாவை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஊர், பணியாற்றிய மருத்துவமனை, ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுத் தனித்தாளில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதினால் மை ஊறிவிடும். மென்மையான பென்சிலே நல்லது. அவர் பேசுவதைக் கைப்பேசியிலும் பதிவு செய்யுங்கள்.

ஏற்காட்டு மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. தோழிகளை ஏற்காட்டுக்கே அழைக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. ஆனால் இந்த வயதில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவது பலருக்கு இயலாது என்பதால், ரயிலில் வருவோருக்கும் வசதியாகச் சேலம் ஜங்ஷன் அருகிலேயே ஓரிடம் பார்க்கிறோம். வருகிறவர்கள் தங்களிடம் உள்ள படங்களையும் கொண்டுவர வேண்டும் என்று இன்றே சொல்லத் தொடங்கியிருக்கிறோம். சூரமங்கலம் அம்மா, நீங்களும் அவசியம் வர வேண்டும்.