குழுவில் 140 பேர், கூட்டத்தில் 4 பேர்: எங்கள் வானியல் மன்றத்துக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி:
கல்லூரி வானியல் மன்றத்தின் செயலாளராக இந்த ஆண்டு பொறுப்பேற்றிருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள், என்னையும் சேர்த்து, 4 பேர்.

வாரந்தோறும் மாலை 5 மணிக்கு வகுப்பறையில் கூடுவோம். கருந்துளை, விண்மீன் பிறப்பு என்று ஏதாவது ஒரு தலைப்பில் ஒருவர் 40 நிமிடம் படங்களுடன் பேசுவார். முதல் கூட்டத்துக்கு 35 பேர் வந்தார்கள். வர முடியாதவர்கள் கேட்டார்களே என்று இணையத்தில் ஒளிபரப்பத் தொடங்கினோம். நேரில் வந்துகொண்டிருந்தவர்களும் தங்கள் அறையிலேயே இருந்துவிட்டார்கள். சான்றிதழ் தருகிறோம் என்றோம். ஒரு மாதம் தாங்கியது.

மன்றத்தில் 6 அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. இந்தப் பருவத்தில் இரண்டே முறைதான் வெளியே எடுத்தோம், அதில் ஒரு நாள் மேகம். முதலாம் ஆண்டில் அதன் வழியே சனியின் வளையத்தைப் பார்த்த இரவில்தான் இந்த மன்றம் என்னுடையது என்று தோன்றியது. அப்படி ஓர் இரவு எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் வாய்க்க வேண்டும். மன்றத்தை மூடிவிடலாமா என்று பொறுப்பாசிரியர் கேட்கத் தொடங்கிவிட்டார். என்ன செய்வது?

பதில் 1:
கருந்துளை பற்றிய பேச்சைப் படுத்துக்கொண்டே கேட்கலாம்; சனியைத் தொலைநோக்கியில் பார்க்க எழுந்து வந்துதான் ஆக வேண்டும். எனவே ஒளிபரப்பையும் வகுப்பறையையும் விடுங்கள்.

கூட்ட நாளை நிலவைக் கேட்டுக் குறியுங்கள். அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் வரும் அரைநிலவு, அந்தி சாயும்போதே வானில் உயர்ந்து நிற்கும். மறைய நள்ளிரவு ஆகிவிடும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீண்டு கிடப்பதைப் பார்த்தவர் யாரும் பேசாமல் நகர்ந்ததை நான் கண்டதில்லை. பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். நிழலின்றி எல்லாம் தட்டையாகத் தெரியும்.

மாடிக்கு யாரும் ஏறி வர மாட்டார்கள். மாணவர்கள் சாப்பிட்டு வெளியே வரும் வழியில் தொலைநோக்கியை வையுங்கள். உங்கள் தொலைநோக்கி வகைக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன், 1968-இல் நண்பர்களுடன் சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் அமைப்பு தொடங்கி, நடைபாதையில் போகிறவர்களை அழைத்துத்தான் வானத்தைக் காட்டினார்.

பதில் 2:
வாசலில் பார்த்தவர் மறுவாரம் வருவதுதான் கடினம். எங்கள் மன்றத்தில் மூத்தவர்கள் மூவர் மட்டுமே தொலைநோக்கியைத் தொடுவோம். புதியவர் பத்து விநாடி கண்ணை வைப்பார், பிறகு ஓரமாக நிற்பார். அவருக்கு அங்கே வேலையே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

பிறகு முதல் நாளே குழாயைத் திருப்பும் பொறுப்பை அவர்களிடம் விட்டோம். ஆளுக்கொரு தாள் கொடுத்து, நடுவில் வியாழனுக்கு ஒரு வட்டம் வரைந்து, அதன் 4 பெரிய நிலவுகளைப் புள்ளியிடச் சொன்னோம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தால் புள்ளிகள் இடம் மாறியிருக்கும். கலிலியோ 1610 ஜனவரியில் இரவுக்கு இரவு குறித்து வைத்ததும் இதைத்தான். பெயர் எழுதிய தாளை மன்ற அலமாரியில் வைத்துக்கொள்வோம். குழுவில் போடும் பொது அழைப்பை எல்லோரும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். "உன் தாள் இருக்கிறது, 7 மணிக்கு வா" என்று ஒருவரிடம் நேரில் சொன்னால் வருவார்.

பதில் 3:
மேகம் மூடினாலும் கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தொலைநோக்கியின் கண்ணாடிகளை நேர்ப்படுத்தக் கற்றுக்கொடுக்க அதுவே நல்ல இரவு. இரவில் எப்படித் திரும்பிப் போவது, யார் துணை வருவார்கள் என்பதையும் அழைப்பிலேயே எழுதுங்கள். எங்களிடம் வராதவர்களை விசாரித்தபோது பலரும் சொன்ன காரணம் அதுதான்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. அடுத்த அரைநிலவு வியாழக்கிழமை வருகிறது. உணவுக்கூட வாசலில் வைக்கப் பொறுப்பாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒளிபரப்பை நிறுத்தத்தான் மனம் தயங்குகிறது. பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவி ஒருத்தி அதில் ஒரு வாரமும் தவறியதில்லை. எந்த இரவு அவளால் வர முடியும் என்று இன்றே கேட்கிறேன். முதல் தாளில் அவள் பெயரை எழுதி வைத்துவிட்டேன்.