‘ஹெவன்லி க்ரீச்சர்ஸ்’: தமிழ் சப்டைட்டில் பொருந்தவில்லை, உதவி தேவை

பீட்டர் ஜாக்சனின் 1994 படம். 1954 ஜூன் 22-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பாலின் பார்க்கர், ஜூலியட் ஹியூம் என்ற இரு பள்ளித் தோழிகள் செய்த கொலையைப் பற்றியது. கையில் இருக்கும் தமிழ் எஸ்ஆர்டி கோப்பு (வரிகளும் அவை தோன்றும் நேரமும் கொண்ட சப்டைட்டில் கோப்பு) விநாடிக்கு 25 பிரேம் வேகத்தில் ஓடும் பழைய டிவிடிக்கு எழுதியது. வீடியோவோ 23.976 பிரேம், 109 நிமிடம்.

சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றியாகிவிட்டது (நேரம் 1.0427 மடங்கு). தொடக்கம் கச்சிதம். அப்புறம் ஓரிடத்தில் சட்டென முப்பது, நாற்பது விநாடி முந்துகிறது. கொஞ்ச தூரம் அதே இடைவெளி, மறுபடி ஒரு தாவல். கடைசியில் விக்டோரியா பூங்காவில் தோழிகளும் பாலினின் அம்மாவும் நடக்கும்போது வரிகளே தீர்ந்துவிட்டன. சீராக விலகாமல் படிப்படியாகத் தாவுவதால் இது வேகக் கோளாறு அல்ல. கோப்பு, சில இடங்கள் வெட்டப்பட்ட 99 நிமிடத் திரையரங்கப் பதிப்புக்கானது, அவ்வளவுதான்.

சப்டைட்டிலை ஒலியோடு தானாகப் பொருத்தும் மென்பொருள்களில், எஃப்எஃப்சப்சிங்க் மொத்தத்துக்கும் ஒரே நகர்த்தல்தான் தருகிறது, வெட்டுகளுக்கு உதவாது. அலாஸ் துண்டு துண்டாகப் பிரிக்கிறது; ஆனால் இசைக்கு மேல் பாலினின் நாட்குறிப்புக் குரல் வரும் இடங்களில் இரண்டு விநாடி தவறுகிறது. அந்த வரிகள் அவளுடைய உண்மையான நாட்குறிப்பிலிருந்து வந்தவை, அவற்றைத் தப்பான முகத்தின் மேல் விட மனமில்லை.

99 நிமிடப் பதிப்பில் வெட்டிய இடங்களின் நேரக்குறிப்புப் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?