சி-பாப் மாஸ்க்கைத் தூக்கத்திலேயே கழற்றிவிடுகிறார், என்ன செய்வது?

வெண்மேகம்:
என் கணவருக்கு 46 வயது. குறட்டை பல வருடமாக உண்டு. போன மாதம் ஒரு ராத்திரி விழித்துக் கிடந்தபோது கவனித்தேன். குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சுச் சத்தமே இல்லை. இருபதுவரை எண்ணியிருப்பேன், திணறலோடு உடம்பு ஒரு உலுக்கு உலுக்கி, மறுபடி குறட்டை. அப்புறம் விடியும்வரை நான் கண் மூடவில்லை.

தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு என்று தெரிந்தது. அதை அளக்கும் ஏ.எச்.ஐ. எண் 38 என்று வந்தது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவி வந்து ஒன்பது நாள் ஆகிறது. மாஸ்க் போட்டுத்தான் படுக்கிறார், காலையில் பார்த்தால் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கழற்றியது நினைவே இல்லை என்கிறார். வாய் வேறு வறண்டுபோகிறது. விட்டுவிடலாமா என்று கேட்கிறார். 38 அவ்வளவு மோசமா?

கரையோரம்:
விட வேண்டாம். 38 என்றால் தூங்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சராசரியாக 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நொடி. 30 வந்தாலே தீவிர வகைதான். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. மூளை உசுப்பினால்தான் திறக்கும். அப்படி விழித்தது அவருக்கு நினைவிருக்காது.

எனக்கு 41 இருந்தது. ஏழு வருடமாகக் கருவி போடுகிறேன். முதல் மூன்று வாரம் நானும் இப்படித்தான் கழற்றி எறிந்தேன். எனக்குக் கைகொடுத்தது பகல் பழக்கம். விழித்திருக்கும்போதே தினமும் அரை மணி நேரம் மாஸ்க்கோடு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். முகத்துக்குப் பழகியபின் கை தானாகப் போவது குறைந்தது.

வாய் வறட்சிக்குப் பெரும்பாலும் காரணம் காற்று வாய்வழியே கசிவதுதான். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். ஈரப்பதமூட்டியை ஒரு படி கூட்டுங்கள். அப்படியும் வாய் திறந்தால் வாயையும் மூடும் முழு மாஸ்க் கேளுங்கள். காற்றழுத்தம் மெல்ல ஏறும்படி 'ரேம்ப்' வைத்தால் படுக்கும்போது மூச்சு முட்டாது.

ராத்திரி மூன்று முறை சிறுநீருக்கு எழுந்துகொண்டிருந்தேன், வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தேன். கருவியோடு ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்ததும் அது நின்றது. இன்னொன்று, பகலில் கண் சொக்கும் நாட்களில் அவரை வண்டி ஓட்டவே விடாதீர்கள். இதில் தயவு பார்க்க வேண்டாம்.

முல்லைக்கொடி:
என் அண்ணனுக்கு ஏ.எச்.ஐ. 12 மட்டும்தான், ஆளும் ஒல்லி. தாடை சிறியது என்றார்கள். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவியும் ஒருக்களித்துப் படுப்பதும் அவருக்குப் போதுமாக இருக்கிறது. 38-க்கு இதையே நம்ப முடியாது, முதலில் சி-பாப்தான். மதுப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், தொண்டையை இன்னும் தளர்த்தும். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

வெண்மேகம்:
முழு மாஸ்க் மாற்றி ஐந்து நாள் ஆகிறது. நேற்று 5 மணி நேரம் 10 நிமிடம் மாஸ்க்கோடு தூங்கியதாகக் கருவி காட்டியது! காலைத் தலைவலி இல்லையாம். ஈரப்பதம் கூட்டியதில் குழாயில் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டுகிறது, அதற்கு என்ன செய்வது?

கரையோரம்:
ரொம்ப சந்தோஷம். ஒரு படி குறைத்துப் பாருங்கள். கருவி படுக்கை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், குழாய்க்குத் துணியுறை போடுங்கள். குளிர்ந்த குழாயில்தான் நீர் கோக்கும்.