விண்டோஸ் 10: புள்ளிகள் ஐந்து சுற்று, உடனே நீலத் திரை. உதவி தேவை

தூக்கமில்லாதவன்:
வணக்கம். ஏழு ஆண்டு பழைய டெஸ்க்டாப். நேற்று மாலை முதல் விண்டோஸ் திறக்கவில்லை. லோகோ வருகிறது, அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் ஐந்து முறை சுற்றுகின்றன, பிறகு நீலத் திரையும் அந்தச் சோக முகமும். தானாகவே அணைந்து மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை பழுதுநீக்கும் திரை வந்தது. ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ கொடுத்தேன். கால் மணி நேரம் ஓடிவிட்டுக் கையை விரித்துவிட்டது. ஹார்டு டிஸ்க் போய்விட்டதா? பத்து ஆண்டுப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. பேக்கப் இல்லை. திட்ட வேண்டாம், வீட்டிலேயே போதுமான அளவு வாங்கிக்கொண்டேன்.

நேர்வழி:
ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அரை மணி நேர வேலை.

ஸ்க்ரூடிரைவர்:
மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது.

இரண்டு கேள்விகள். நீலத் திரையின் அடியில் ‘ஸ்டாப் கோடு’ என்று ஒரு வரி இருக்கும். சட்டென்று மறைந்துவிடும்; கைபேசியில் வீடியோ எடுத்து, நிறுத்திப் படியுங்கள். அடுத்து, கணினி கடைசியாக ஒழுங்காக ஓடியதற்கும் முதல் நீலத் திரைக்கும் நடுவில் என்ன செய்தீர்கள்? ஒன்றுமே செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

தூக்கமில்லாதவன்:
‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று இருக்கிறது. சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. புதிய மென்பொருள் இல்லை, அப்டேட்டும் இல்லை. கடிகாரம் பின்தங்குகிறதே என்று மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றினேன், அவ்வளவுதான்.

ஸ்க்ரூடிரைவர்:
விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். பேட்டரி மாற்றியதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்த 3 வோல்ட் பேட்டரி கடிகாரத்தை மட்டும் ஓட்டுவதில்லை. பல போர்டுகளில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் மென்பொருள்) அமைப்புகளையும் அதுதான் காத்து வைக்கிறது. கழற்றியதும் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும், டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையைச் சொல்லும் ‘சாட்டா மோடு’ உட்பட.

லோகோ வரும்வரை டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பது பயாஸ். அதன்பின் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் பொறுப்பேற்கிறது. டிஸ்க்கோடு பேச அதற்குச் சொந்த டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) வேண்டும். நிறுவியபோது எந்த மோடு இருந்ததோ அதற்கான டிரைவரைத்தான் தொடக்கத்தில் எழுப்பும். மோடு மாறினால், தான் படுத்திருந்த டிஸ்க்கே அதன் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஐந்தாவது சுற்று அந்த இடம்தான்.

டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், சாட்டா மோடு ‘ஏஎச்சிஐ’ (வழக்கமான முறை) என்றிருந்தால் ‘ரெய்டு’ (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கவும் உதவும் முறை) ஆக்குங்கள். ரெய்டு என்றிருந்தால் ஏஎச்சிஐ. வேறு எதையும் தொடாதீர்கள். ரெய்டு தொகுப்பை உருவாக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று வெளியேறுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லாதவன்:
பயாஸில் தேதி 2017 ஜனவரி 1 என்று காட்டியது. அதைப் பார்த்ததும் நீங்கள் சொன்னது புரிந்தது. டிஸ்க்கின் பெயர் இருந்தது. ஏஎச்சிஐ என்றிருந்ததை ரெய்டு ஆக்கினேன், சேமித்து வெளியே வந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்: ஐந்து, ஆறு, ஏழு... பதினொன்றில் உள்நுழையும் திரை! படங்கள் அத்தனையும் இருக்கின்றன. ஒரே ஒரு டிஸ்க்தான், எதற்கு ரெய்டு? ஏஎச்சிஐக்கு மாறலாமா?

ஸ்க்ரூடிரைவர்:
ஒரே டிஸ்க்காக இருந்தாலும் சில கணினிகள் அப்படித்தான் வருகின்றன. மாறலாம், அவசரம் இல்லை. ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறந்து, ‘பூட்’ பகுதியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸுக்குள் போகாமல் நேரே பயாஸுக்குப் போய் மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறினால் புதிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் உள்நுழையும் ‘பின்’ எண் ஏற்காமல் போகலாம், கடவுச்சொல் நினைவிருக்கட்டும். தேதியையும் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பாதி இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று மிரட்டும்.

தூக்கமில்லாதவன்:
தேதியைத் திருத்திவிட்டேன். படங்கள் வெளி டிஸ்க்குக்கு நகலாகிக்கொண்டிருக்கின்றன, 38 விழுக்காடு. நூறு ஆகும்வரை பயாஸ் பக்கமே போகப்போவதில்லை.