மறுமொழி: ‘நான்-டினையல் டினையல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ என்ற அமெரிக்கப் படத்துக்குத் தமிழில் துணைவரி (சப்டைட்டில்) எழுதும் அம்மையார், அதில் வரும் ‘நான்-டினையல் டினையல்’ (non-denial denial: மறுப்பு போலத் தோன்றினாலும் எதையும் மறுக்காத அறிக்கை) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு மூன்று நாளாகிறது. படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன். நேற்றிரவு பார்த்தேன். இதுவரை வந்த பரிந்துரைகளில் இரண்டு, சொல்லின் பொருளையே மாற்றிவிடுகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சொல் படத்தில் எங்கே வருகிறது? 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபடுகிறார்கள். வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் பாப் உட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டீனும் பிடிபட்டவர்களிடம் இருந்த பணம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போகிறார்கள். அக்டோபருக்குள் செய்தி வெள்ளை மாளிகையின் வாசலுக்கு வந்துவிடுகிறது. அக்டோபர் 16 அன்று அதிபர் நிக்சனின் தேர்தல் குழுத் தலைவர் கிளார்க் மெக்ரெகர் தொலைக்காட்சியில் தோன்றி போஸ்ட்டைச் சாடுகிறார். சாடைப் பேச்சு, கேள்விப்பட்ட கதை, பெயரில்லாத ஆட்கள் சொன்னது, மிரட்டும் தலைப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேள்வி எதற்கும் பதில் சொல்லவில்லை. படத்தில் போஸ்ட்டின் ஆசிரியர் பென் பிராட்லி இப்படி வரும் அறிக்கைகளைத்தான் ‘நான்-டினையல் டினையல்’ என்கிறார். நம்மைத் திட்டுகிறார்கள், ஆனால் செய்தி தவறு என்று மட்டும் சொல்லவில்லை என்பது அவருடைய விளக்கம். அப்படியானால் நிஜமான மறுப்பு எது என்று கேள்வி வருகிறது. நம்மைப் பொய்யர்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் அப்போது நாம் உஷாராக வேண்டும் என்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> போலி மறுப்பு

ஐயா, இது எடுத்த எடுப்பில் நன்றாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் போலி மறுப்பு என்றால் வாசகர் பொய்யான மறுப்பு என்றே எடுத்துக்கொள்வார். செய்துவிட்டுச் செய்யவில்லை என்று சாதிப்பது அது. இங்கே விஷயம் நேர் எதிர். இந்த அறிக்கையில் பொய்யே இருக்காது. ‘இது தரக்குறைவான பத்திரிகை வேலை’ என்பது ஒருவரின் கருத்து, அதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. பிற்பாடு உண்மை வெளியே வந்தாலும், ‘நான் எங்கே மறுத்தேன்?’ என்று கேட்க வழி வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். பொய் சொல்லாமல் தப்பிப்பதற்குத்தான் இந்த உத்தியே. போலி என்றால் அந்தச் சாமர்த்தியம் மறைந்துவிடும்.

> மழுப்பல்

மழுப்பல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல சொல்தான். ஆனால் மழுப்புகிறவர் குரல் தாழ்ந்திருக்கும், கண் வேறு பக்கம் போகும். மெக்ரெகர் மழுப்பவில்லை, கோபமாகப் பேசினார். கோபம்தான் அங்கே மறுப்பின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

> மறுப்புப்போலி (இலக்கணப்போலி மாதிரி)

இதை முன்வைத்தவருக்கு என் பாராட்டு. மறுப்பைப் போல இருப்பது என்ற பொருள் சரியாக விழுகிறது. இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே புரியும். ஆனால் இரவு பத்தரை மணிக்குச் செய்தி அறையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் சொல்லாக இதை என்னால் நினைக்க முடியவில்லை. பேச்சில் ‘போலி மறுப்பு’ என்று திரும்பிவிடும், பழைய சிக்கலும் கூடவே வந்துவிடும்.

ஒலிபெயர்ப்பாகவே வைக்கலாம் என்பவர்களுக்கு: தமிழ் எழுத்தில் ‘நான்’ என்றால் எல்லோருக்கும் ‘நான்’தான். துணைவரி திரையில் இரண்டு நொடி நிற்கும். அதற்குள் வாசகர் தடுக்கி விழுந்து எழ நேரமில்லை.

என் பரிந்துரை: மறுக்காத மறுப்பு.

முரணாக இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். முரண் பொருளிலேயே இருக்கிறது, சொல்லிலும் இருக்கட்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, இதிலிருந்து வினை பிறக்கிறது: ‘மறுக்காமல் மறுத்தார்’. வினையாக மாறாத கலைச்சொல் அகராதியிலேயே தங்கிவிடும் என்பது என் அனுபவம். துணைவரியும் தானாக அமைகிறது:

– எல்லாம் மறுக்காத மறுப்பு.
– அப்போ மறுக்கிற மறுப்பு எது?

இந்த உத்தி ஏன் பலிக்கிறது என்பதற்கு நம் இலக்கணத்திலேயே விளக்கம் இருக்கிறது. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அதில் கடைசி, இனமொழி விடை. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ‘ஆடத் தெரியுமா?’ என்று கேட்டால் ‘பாடத் தெரியும்’ என்பது. தெரியாது என்று சொல்லவே இல்லை, ஆனால் கேட்டவர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார். நேரடியாகச் சொல்லாவிட்டாலும் விடையின் பொருளைத் தருவதால் நன்னூலார் இதையும் விடையாகவே ஏற்கிறார். நம் காதுக்கு இந்தப் பழக்கம் உண்டு. நிக்சனின் தேர்தல் குழு வைத்திருந்த ரகசிய நிதியைப் பற்றி, ‘அதிலிருந்து பணம் போனதா?’ என்று கேட்டால் ‘இந்தப் பத்திரிகைக்கு எங்கள் மேல் காழ்ப்பு’ என்கிறார் மெக்ரெகர் போன்ற ஒருவர். நம் காதில் ‘போகவில்லை’ என்று விழுகிறது. அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை, நாமே போட்டுக்கொண்டோம். ‘இனமொழி மறுப்பு’ என்றே வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இனம், மொழி இரண்டுக்கும் இன்று வேறு அர்த்தம் ஏறிவிட்டதால் விட்டுவிட்டேன்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நாளிதழில் இரவுப் பணி உதவி ஆசிரியராக இருந்தேன். நில ஒதுக்கீடு பற்றி எங்கள் நிருபர் எழுதிய செய்திக்குச் சம்பந்தப்பட்டவரிடமிருந்து ஃபேக்ஸில் இரண்டு பக்க அறிக்கை வந்தது. ‘உள்நோக்கம் கொண்டது’, ‘நற்பெயருக்குக் களங்கம்’, ‘சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்’. பக்கம் முடிக்கும் அவசரத்தில் ‘குற்றச்சாட்டுக்குத் திட்டவட்ட மறுப்பு’ என்று தலைப்பு வைத்தேன். மறுநாள் அந்த நிருபர் அறிக்கையையும் ஒரு பென்சிலையும் என் மேசையில் வைத்தார். ‘சார், இல்லைன்னு சொல்ற வரியை அடிக்கோடு போடுங்க’ என்றார். இரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். போட முடியவில்லை. அவர் மாதக்கணக்கில் அலைந்து எழுதிய செய்தியை என் தலைப்பு ஒரே வரியில் சாய்த்துவிட்டது. அன்று இதற்கு எங்களிடம் ஒரு பெயர் இருந்திருந்தால், யாராவது ஒருவர் ‘இது மறுக்காத மறுப்பு, தலைப்பை மாத்து’ என்று சொல்லியிருப்பார்.

இன்னொரு விஷயம். படத்தின் பின்பகுதியில் வரும், நிக்சன் தேர்தல் குழுவின் முன்னாள் பொருளாளர் ஹியூ ஸ்லோன் சம்பவத்தை இந்தச் சொல்லுக்கு உதாரணமாக ஒரு நண்பர் காட்டியிருக்கிறார். அது பொருந்தாது. நிக்சனின் வலதுகரமான ஹால்டமன் ரகசிய நிதியைக் கையாண்டவர்களில் ஒருவர் என்று கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் ஸ்லோன் சாட்சி சொன்னதாக அக்டோபர் 25 அன்று போஸ்ட் எழுதியது. ஸ்லோனின் வழக்கறிஞர் அன்றே மறுத்தார். அது நிஜமான மறுப்பு, உண்மையும்கூட. ஜூரி முன் ஸ்லோன் அப்படிச் சொல்லவில்லை, ஏனென்றால் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை. ஹால்டமன் நிதியைக் கையாண்டாரா என்ற கேள்விக்கு அந்த மறுப்பில் பதில் இல்லை. இதற்கு நாம் தனியாக ஒரு சொல் தேட வேண்டும். ‘சொல்மறுப்பு’ என்று ஒன்று தோன்றுகிறது; செய்தியின் பொருளைத் தொடாமல் அதன் சொல்லை மட்டும் மறுப்பது. இதற்கு இன்னும் நல்லதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

மறுக்காத மறுப்பு (பெயர்): குற்றச்சாட்டு தவறு என்று எங்கும் சொல்லாமல், சொன்னவரையோ சொன்ன விதத்தையோ தாக்கி, மறுத்தது போன்ற எண்ணத்தை உண்டாக்கும் அறிக்கை. வினை: மறுக்காமல் மறு.

வரைவில் ‘தாக்கி’ என்பது தேவையா என்று மட்டும் சொல்லுங்கள். பணிவாகப் பேசியும் இதைச் செய்யலாம் அல்லவா?

அன்புடன்.